பாலமே மாறிவிட்டது, லோகோவில் பழைய பாலம் இருக்கலாமா?

தெற்குவாடி ஸ்டாப்பர்:

பாம்பனில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவுக்கு 1997-இல் இருந்து ஒரு கால்பந்து அணி இருக்கிறது. பதினாறு வருஷம் ஸ்டாப்பராக ஆடினேன். இடது முட்டி போன பிறகு கணக்கு வழக்கு பார்க்கிற ஆளாகிவிட்டேன். இப்போது சண்டை ஆட்டத்தில் இல்லை, லோகோவில்.

எங்கள் சின்னம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கேடய வடிவம். நடுவில் பாம்பன் தூக்குப்பாலம், இரண்டு பக்கமும் கையைத் தூக்கின மாதிரி திறந்து நிற்கும். இடையில் பாய் விரித்த ஒரு வத்தைப் படகு, அதன் உச்சியில் கொடி. கீழே பதினோரு அலை, ஆளுக்கு ஒன்று. ஓரத்தில் ஒரு சீலா மீன். அது எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மொத்தம் ஒன்பது நிறம். வரைந்தவர் என் சித்தப்பா. விசைப்படகுகளுக்குப் பெயரும் பதிவெண்ணும் எழுதுகிற பெயிண்டர். வலைக் கொட்டகைச் சுவரில் எனாமல் பெயிண்டில் அவர் வரைந்ததுதான் மூலப்படம். அதைப் போனில் படம் பிடித்து, அந்தப் படத்தைத்தான் ஒவ்வொரு முறையும் பிரிண்டுக்கு அனுப்புகிறோம். வருஷத்துக்கு வருஷம் பாலம் மங்கிக்கொண்டே வருகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அடியில் ஆங்கிலத்தில் அணியின் பெயர் இருக்கிறது. அதில் 'கிளப்' என்ற சொல்லின் கடைசியில் 'பால்' (பந்து) என்று ஆங்கிலத்தில் எழுதுகிற B எழுத்துக்குப் பதில் 'பாம்பன்' எழுதுகிற P எழுத்தைப் போட்டுவிட்டார் சித்தப்பா. நமக்கு இரண்டும் ப தானே. அக்கரை மண்டபம் ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்ததும் அந்தக் கடைசி எழுத்தை மட்டும் வெடிக்கிற மாதிரி சொல்லிச் சிரிப்பார்கள்.

2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தார்கள் இல்லையா, அதில் இருந்து பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். 'பழைய பாலத்தில் ரயிலே ஓடவில்லை, புதுப்பாலம் நடுத்துண்டு மொத்தமாக நேரே மேலே போகிறது, நாம் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம்' என்கிறார்கள். பேச்சு நியாயம்தான். ஆனால் அவர்கள் கொண்டுவந்த புது லோகோவில் புதுப்பாலமும் இல்லை. நீலத்தில் வெள்ளையாக ஒரே ஒரு ஆங்கில 'பி', பாம்பனுக்கு வருகிற 'பி'. அவ்வளவுதான். ஜெர்சி சாம்பிளைக் கொடியில் காயப்போட்டிருந்தேன். ராமேஸ்வரம் போகிற வேன் ஒன்று நின்று, 'அண்ணே, பார்க்கிங் எவ்வளவு?' என்று கேட்டது. பொய் இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. ஜூன் 14 வரை படகு கரையில், ஆள்கள் எல்லாரும் ஊரில். அந்த 61 நாளில்தான் எங்கள் பக்கத்துப் போட்டிகள் எல்லாம். ஜெர்சிப் பணம் ஐஸ் கம்பெனிக்காரர் தருகிறார். நிறம் கூடினால் செலவு கூடும், குறையுங்கள் என்கிறார். பெரியவர்கள் சுவரைத் தொட்டால் கையை ஒடிப்போம் என்கிறார்கள். பெரிய கிளப்புகள் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தன? மாற்றலாமா, கூடாதா?

கீழக்கரை லெஃப்ட் விங்:

தம்பி, உங்கள் ஐஸ் கம்பெனிக்காரர் பரவாயில்லை. கார்டிஃப் சிட்டிக்கு வாய்த்த முதலாளியைப் பாருங்கள். நீலப்பறவைகள் என்று பேர் வாங்கின அணி. 2012-இல் வின்சென்ட் டான் என்ற மலேசியக்காரர் சட்டையைச் சிவப்பாக்கினார். சின்னத்தில் டிராகனைப் பெரிதாக்கி, பறவையைக் கீழே சின்னதாக ஒட்டிவிட்டார். அந்தச் சிவப்புச் சட்டையிலேயே அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து பிரீமியர் லீக்குக்கு ஏறினார்கள். ஏறியும் ரசிகர்கள் விடவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. ஜெயித்துக் காட்டினால் வாயை மூடிவிடுவார்கள் என்று நினைத்திருப்பார் போல.

எங்கள் காக்கா, அதாவது அண்ணன், மான்செஸ்டர் சிட்டி ரசிகர். அகுவேரோ கோல் அடித்த நாளில் துபாய் ரூமில் கட்டிலை உடைத்தவர். அவருக்குக் கழுகு வைத்த பழைய பேட்ஜ்தான் பேட்ஜ். ஆனால் அந்தக் கழுகே 1997-இல் வந்தது. அதற்கு முன்பு வட்டத்துக்குள் கப்பலும் சிவப்பு ரோஜாவும் இருந்தன. 2015-இல் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, கழுகை அனுப்பி, வட்டத்தையும் கப்பலையும் ரோஜாவையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். 'புது' லோகோ என்று வந்தது அப்பா காலத்து லோகோ. பெரிய கலவரம் ஒன்றும் இல்லை, எங்கள் காக்காவைத் தவிர.

எவர்டன் கதையும் சொல்கிறேன். 2013-இல் அடியில் இருந்த லத்தீன் வாசகத்தைத் தூக்கிவிட்டுக் கோபுரத்தையும் மாற்றி வரைந்தார்கள். 20,000 பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். கிளப் மன்னிப்புக் கேட்டது. ஆனால் ஜெர்சியெல்லாம் அடித்தாகிவிட்டது, ஒரு சீசன் அதோடுதான் ஆட வேண்டியிருந்தது. மூன்று மாதிரி வைத்து ஓட்டெடுத்து, வாசகத்தோடு வந்த சின்னம் அதற்கடுத்த சீசனில்தான் ஏறியது. உங்கள் எழுத்துப்பிழையை அந்த லத்தீன் வாசகம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவன் கொஞ்சம் பேர், எடுத்தால் கத்துகிறவன் ஊர் முழுக்க.

ஊசிநூல்:

ராமநாதபுரத்தில் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறேன். ஸ்கூல் பேட்ஜ், கட்சிக் கரை, கோவில் கமிட்டி துண்டு எல்லாம் போடுகிறோம். லோகோ அழகைப் பற்றி நான் பேசவில்லை, அது உங்கள் பாடு.

நிறம் கூடினால் செலவு கூடும் என்று யார் சொன்னது? முதலில் எந்த வேலை என்று கேளுங்கள் அண்ணே. ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் உண்மை, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஒன்பது நிறத்துக்கு ஒன்பது. நீங்கள் பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன்தானே போடுவீர்கள்? அதில் காகிதத்தில் மொத்தமாக அச்சாகி, சூட்டில் துணிக்குள் இறங்குகிறது. ஒரு நிறமும் ஒன்றுதான், தொண்ணூறும் ஒன்றுதான். ஐஸ் கம்பெனிக்காரரை யாரோ ஏமாற்றுகிறார்கள், அல்லது அவர் உங்களை.

உங்கள் பாலம் மங்குவதற்கும் நிறம் காரணம் இல்லை. சுவரைப் போனில் எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அனுப்பினதை மறுபடி அனுப்பி, கடைசியில் வந்து சேருவது புகைமூட்டம். கம்ப்யூட்டரில் கோரல்டிராவில் ஒருமுறை கோடு கோடாக வரையச் சொல்லி வெக்டர் பைலாக வைத்துக்கொள்ளுங்கள். டீ கப்பில் போட்டாலும் பிளெக்ஸில் போட்டாலும் உடையாது.

பேட்ஜாகத் தைக்கிறதென்றால்தான் சிக்கல். நெஞ்சில் ஏழு சென்டிமீட்டர் அகலம் கிடைக்கும். அதற்குள் பாலத்துக் குறுக்குக் கம்பியெல்லாம் வராது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு ஊசியில் நிற்காது. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த எழுத்து அடைத்துப்போகும். அப்படி அடைத்தால் உங்கள் 'பால்' எழுத்தும் 'பாம்பன்' எழுத்தும் ஒரே மாதிரிதான் தெரியும், அந்த வகையில் லாபம். பஞ்சிங் போடும்போது, அதாவது படத்தைத் தையல் பைலாக மாற்றும்போது, பதினோரு அலையை மூன்றாக்கச் சொல்வேன். மீனை எடுக்கச் சொல்வேன்.

எக்ஸ்ட்ரா டைம்:

நான் அந்த 'பி' வரைந்த ஆள். ஸ்டாப்பர் அண்ணனுக்கு என் நம்பர் தெரியும், இருந்தும் ஊர் உலகத்துக்கு எழுதியிருக்கிறார். சரி.

பார்க்கிங் கதை உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரும்ப வந்த கதைகளை மட்டும் எல்லாரும் சொல்கிறீர்களே, வராத கதைகளும் இருக்கின்றன. யுவென்டஸ் 2017-இல் டூரின் நகரத்துக் காளையையும் கிரீடத்தையும் எடுத்துவிட்டு வெறும் 'ஜே' வைத்தது. எவ்வளவு கிண்டல் பண்ணினார்கள்! இன்றுவரை அதுதான். தொப்பியில் நன்றாக இருக்கிறது, போன் திரையில் நன்றாக இருக்கிறது. ஆர்சனல் 2002-இல் பழைய சின்னத்துக்குக் காப்புரிமை வாங்க முடியவில்லை என்று மாற்றியது. லத்தீன் வாசகம் போனது, மேற்கே பார்த்த பீரங்கி கிழக்கே திரும்பியது. அப்போதும் கத்தினார்கள். இன்றைக்கு என் வயதுப் பையனிடம் கேளுங்கள், அதுதான் ஆர்சனல் என்பான்.

நான் சொல்வது இதுதான். எங்கள் அணி இன்ஸ்டாவில் இருக்கிறது. அங்கே புரொஃபைல் பட வட்டத்துக்குள் கேடயத்தை வைத்தால் மேலே பாலத்தின் இரண்டு கையும் வெட்டுப்படுகிறது, கீழே எழுத்து வெட்டுப்படுகிறது, ஓரத்தில் மீன் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. போன மாதம் ஒருவர் வந்து சீலா கிலோ என்ன விலை என்று கேட்டார்.

தெற்குவாடி ஸ்டாப்பர்:

தம்பி, உன் பேரைச் சொல்லவில்லையே, நீயே வந்து மாட்டிக்கொண்டாய்.

அந்த மீன் விஷயம் எனக்குத் தெரியாது. சிரித்துவிட்டேன்.

லெஃப்ட் விங் பாய் சொன்னதைப் படித்தபோது லீட்ஸ் யுனைடெட் அணி ஞாபகம் வந்தது. 2018 ஜனவரியில் நெஞ்சில் கை முஷ்டியை வைத்துக்கொண்டு ஒரு ஆள், அதைப் புது லோகோ என்று காட்டினார்கள். பத்தாயிரம் பேரிடம் கேட்டுத்தான் செய்தோம் என்றார்கள். சில மணி நேரத்தில் ஐம்பதாயிரம் பேர் எதிர்த்துக் கையெழுத்து. கைவிட்டார்கள். எனக்கு அதில் உறைத்தது அந்தப் பத்தாயிரம். நம் ஊரிலும் கூட்டம் போட்டு, 'அணி வளரணுமா வேண்டாமா?' என்று கேட்டால் எல்லாரும் கையைத் தூக்குவார்கள். படத்தைக் காட்டினால்தான் விஷயம் தெரியும்.

அதனால் மூன்று படம் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போகிறேன். பழையது, 'பி', அப்புறம் ஊசிநூல் அக்கா சொன்ன மாதிரி கோடு குறைத்து ஒன்று. வந்து சொல்கிறேன்.

தேவிபட்டினம் ரெஃப்ரி:

நான் கொல்கத்தாவில் ஏழு வருஷம் வேலை பார்த்தவன். மோகன் பகான் சின்னத்திலும் பாய்மரப் படகுதான், தெரியுமா? 1911-இல் வெறுங்காலோடு ஆடி ஐ.எஃப்.ஏ. ஷீல்ட் கோப்பையை இங்கிலீஷ் பட்டாளத்திடம் இருந்து பிடுங்கின அணி. 2020-இல் ஏ.டி.கே. என்ற இன்னொரு கொல்கத்தா கிளப்போடு இணைத்தபோது படகையும் பச்சை-மெரூன் நிறத்தையும் தொடவில்லை. தொடாமல் இருந்தும், பேருக்கு முன்னால் ஒட்டின அந்த மூன்று எழுத்தை எடுக்கச் சொல்லி மூன்று வருஷம் விடாமல் கத்தினார்கள். 2023-இல் எடுத்தார்கள். பதிலுக்கு வேறு ஒன்றை ஒட்டினார்கள், அது வேறு கதை. உங்கள் ஐஸ் கம்பெனிக்காரர் பேரை லோகோவுக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். சட்டையின் முன்னால் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடட்டும்.

புதுப்பாலத்தை வரைவது வீண் வேலை. நடுத்துண்டு மேலே போய் நிற்பதைச் சின்னதாக வரைந்தால் கோல் போஸ்ட் மாதிரிதான் இருக்கும். ஒரு நிமிஷம், அது நல்லாத்தானே இருக்கும்?

தெற்குவாடி ஸ்டாப்பர்:

போய்விட்டு வந்தேன். எதிர்பார்த்த மாதிரி எதுவும் நடக்கவில்லை.

மூன்று படத்தையும் மேசையில் வைத்தேன். பெரியவர்கள் 'பி'யைப் பார்த்துத் திட்டத் தொடங்கினார்கள். சித்தப்பா மட்டும் அதைத் தொடவே இல்லை. தன் பழைய படத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியைப் போட்டு, ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "பாய் தெக்க புடைச்சிருக்கு, கொடி வடக்க பறக்குது. அதெப்படிடா? ஒரே காத்துதானே அடிக்கும்?"

எல்லாரும் எட்டிப் பார்த்தோம். வாடைக்காற்றில் வடகடலில் இருந்து தென்கடலுக்கு இறங்குகிற வத்தை. பாய் சரி. கொடி காற்றை எதிர்த்துப் பறக்கிறது. அந்த மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கடலுக்குப் போகிறவர்கள், பாய் பிடித்தவர்களும் இருந்தார்கள். ஒருவர் மெதுவாக, "எனக்கு அப்பவே தெரியும், பெயிண்டர் மனசு கஷ்டப்படும்னு சொல்லல" என்றார். சித்தப்பாவுக்கு வந்ததே கோபம்! சுவரைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று முதலில் சொன்னவரே அவர்தான். இப்போது அவரே பெயிண்ட் டப்பாவோடு நிற்கிறார்.

முடிவானது இது. பழைய பாலம் இருக்கும், கை இரண்டும் தூக்கியபடி, கம்பி விவரம் இல்லாமல். 'ரயில் ஓடாவிட்டால் என்ன, 64 புயலுக்கு அந்தத் தூக்குப் பாகம் நின்றதா இல்லையா' என்று ஒருவர் கேட்டார், அதற்கு மேல் யாரும் பேசவில்லை. வத்தை இருக்கும், கொடி திரும்பும். அலை மூன்று. வட்டத்துக்குள் பொருந்துகிற மாதிரி எக்ஸ்ட்ரா டைம் தம்பியே வெக்டரில் வரைந்து தருகிறான், கை வெட்டுப்படாமல். அவனுடைய 'பி' பயிற்சிச் சட்டையின் முதுகில் போகும். மீன் போய்விட்டது. அது எதற்கு என்று கடைசியில் சித்தப்பாவையே கேட்டோம். அந்த மூலையில் பெயிண்ட் சிந்திவிட்டதாம், மறைக்கப் போட்டாராம்.

எழுத்துப்பிழை அப்படியே இருக்கும். ஓட்டு விட்டோம், பதினேழுக்கு நான்கு. திருத்தலாம் என்று ஓட்டுப் போட்ட நான்கு பேரில் சித்தப்பாவும் ஒருவர்.

ஊசிநூல் அக்கா, பேட்ஜ் இருபத்தைந்து வேண்டும், ஏழு சென்டிமீட்டர். எழுத்து அடைத்துப்போகாமல் தைக்க முடியுமா? பிழை தெரிய வேண்டும்.

ஊசிநூல்:

எழுத்தை ஆறு மில்லிமீட்டர் வையுங்கள், தெரியும். போன தடவை மாதிரி சுவர்ப் படத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிடாமல் பைலை மெயிலில் அனுப்புங்கள். தடைக்காலம் தொடங்குகிற வாரம் கோவில் கமிட்டி வேலை வரிசையில் நிற்கிறது, அதற்கு முன்னால் வந்தால்தான் உண்டு.

எக்ஸ்ட்ரா டைம்:

இன்றைக்கு ராத்திரி அனுப்புகிறேன் அக்கா. ஸ்டாப்பர் அண்ணே, எனக்கு எம் சைஸ். போன வருஷம் டபுள் எக்ஸெல் கொடுத்தீர்கள், ஷார்ட்ஸே தேவைப்படவில்லை.