மணல் போட்ட டின்

பால்மரத்துப் பிள்ளை:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்துக்காக நடந்த நிதி விழாவைப் பற்றி நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். ஈப்போவில் வேலை பார்க்கும் வெளிநாட்டுக் குடும்பங்கள் விளையாட்டுக் கூடாரம் போட்டிராவிட்டால் விழாவே படுத்திருக்குமாம். படித்ததும் வயிறு எரிந்தது. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து வடை தட்டிய பெண்கள் எங்கே போனார்கள்?

அந்தக் கூடாரத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆறு பால் டின்கள். கீழே மூன்று, நடுவில் இரண்டு, மேலே ஒன்று. 5 வெள்ளிக் கூப்பனுக்கு மூன்று பந்து. ஆறும் பலகையை விட்டு விழுந்தால் பொம்மை. என் மகன் முதல் பந்திலேயே நடு வரிசையை அடித்தான். மேலே இருந்த மூன்றும் பறந்தன. மீதிப் பந்து இரண்டும் கீழ் டின்னில் பட்டு, சுவரில் பட்டதுபோல் திரும்பின. கீழ் வரிசை டின்களில் மணல் இருந்தது.

ஈப்போ சாலை:
எழுதியவன் நான்தான், சொன்னதில் மாற்றமில்லை. எந்தக் கூடாரத்தின் முன்னால் வரிசை நின்றது என்று ஊரே பார்த்தது. திறந்த திடலில் காலி டின் காற்றுக்கே விழும். அதற்காகக் கொஞ்சம் எடை வைத்திருப்பார்கள். பிள்ளைக்குப் பொம்மை கிடைக்கவில்லை என்பதற்காக உதவ வந்தவர்களைத் திருடர்கள் என்பதா?

பால்மரத்துப் பிள்ளை:
ஆக, மணல் இருந்தது.

ஈப்போ சாலை:
கொஞ்சம் எடை என்றேன். மணல் என்று நான் எழுதவில்லை.

கூப்பன் அக்கா:
கூப்பன் மேசையில் காலை முதல் உட்கார்ந்திருந்தவள் நான். வெளிநாட்டவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? பந்தலுக்குக் கம்பு நட்டவர்கள், செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத் தம்பிகள் நால்வர். அவர்களும் கடல் கடந்து வேலைக்கு வந்தவர்கள்தாம். அவர்களைப் பற்றி இருவரும் ஒரு வரி எழுதவில்லையே!

பால்மரத்துப் பிள்ளை:
அது வேறு பேச்சு, அக்கா. நீங்கள் அந்த டின்னைத் தூக்கிப் பார்த்தீர்களா?

கூப்பன் அக்கா:
இல்லை தம்பி. எனக்கு அங்கே போக நேரமில்லை.

பால்மரத்துப் பிள்ளை:
நான் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையால் எடுக்கப் போய் மறு கையும் கொடுக்க வேண்டியிருந்தது. மூடியின் ஓரத்தில் ஈர மணல் ஒட்டியிருந்தது. போத்தலில் வளையம் எறியும் அடுத்த கூடாரத்திலும் இதே கதைதான். போத்தல் கழுத்தைவிட வளையம் ஒரு நூல்தான் பெரிது. நேர்மேலே இருந்து விழுந்தால் ஒழிய மாட்டாது.

இதை ஏன் விடாமல் பேசுகிறேன் தெரியுமா? அந்த இல்லத்தில் இருப்பவர்கள் தோட்டத்தில் நிரை பிடித்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். என் பாட்டியும் வெட்டினார். வாளி நிறையப் பால் சுமந்து வந்தால், நிறுக்கும் இடத்தில் தராசு குறைத்துக் காட்டும். எதிர்த்துக் கேட்டால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் இருக்காது. அந்தக் கிழவிகளின் பெயரால் நடக்கும் விழாவில் இன்னொரு முறை எடையில் ஏமாற்றா?

கிராணியார் மகன்:
தம்பி, வார்த்தையை அளந்து பேசுங்கள். பால் நிறுத்தவர்கள் தோட்டத்துக் கணக்கர்களான கிராணிமார். என் அப்பா கிராணி. 1948 ஜூன் 16-ஆம் நாள் இதே வட்டாரத்தில் தோட்டத்துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் பிறந்தபோதும், தொழிலாளியின் கூலிக் கணக்கை ஒரு நாள் நிறுத்தாமல் எழுதியவர். தராசில் கை வைத்தார் என்கிறீர்களா?

பால்மரத்துப் பிள்ளை:
உங்கள் அப்பா என்று நான் சொல்லவில்லை. தராசு என்றதும் உங்களுக்கு ஏன் சுடுகிறது, ஐயா?

கிராணியார் மகன்:
உங்கள் குடும்பம் எங்கள் குடும்பத்தை எப்போதும் இப்படித்தான் பேசும். கோயில் திருவிழாக் கணக்கிலும் இதையே செய்தீர்கள்.

ஈப்போ சாலை:
பேச்சு எங்கே போகிறது? இல்லத்துக் கூரை ஒழுகுகிறது. அதற்குப் பணம் வேண்டும். வடை விற்று எத்தனை வருடத்தில் கூரை போடுவீர்கள்?

பால்மரத்துப் பிள்ளை:
வடையைத் தொடாதீர்கள். இந்த ஊரில் பிறந்த அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய்க்கொண்டிருந்தன. தோட்டம் தோட்டமாக நடந்து, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் தோட்டமே வாங்கினார்கள். கூலிக்காரன் பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய ஊரில் ஒரு கூரை போட முடியாதா? உதவ வருகிறவர் யாராக இருந்தாலும் வரட்டும். காலி டின்னோடு வரட்டும்.

ஈப்போ சாலை:
அவர்கள் அடுத்த ஆண்டு வரமாட்டோம் என்றால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா?

பால்மரத்துப் பிள்ளை:
டின் எடையை விசாரித்தால் வராமல் போகிறவர்கள் எதற்கு?

கூப்பன் அக்கா:
மீதிக் கூப்பன் வைத்திருப்பவர்கள் பணம் கேட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். செயலவைதான் பதில் சொல்ல வேண்டும். வங்காளதேசத் தம்பிகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலமாவது கொடுத்தார்களா என்ற கேள்விக்கும் இன்னும் பதில் இல்லை.

கிராணியார் மகன்:
தராசு என்று எழுதியதை அழிக்கச் சொல்லுங்கள் அக்கா, பிறகு மற்றதைப் பேசலாம்.

பால்மரத்துப் பிள்ளை:
அழிக்க மாட்டேன். அந்த ஆறு டின்களும் இன்னும் இல்லத்தின் பின்கட்டில்தான் கிடக்கின்றன. நாளை மாலை தராசோடு வருகிறேன். ஈப்போ சாலை அவர்களும் வரட்டும்.

ஈப்போ சாலை:
எனக்கு நாளை வேலை இருக்கிறது.