ஏழாம் மாசம், வீட்டில் மராமத்து வேலை: ஆலோசனை சொல்லுங்க அக்கா

அக்காமாருக்கு ஸ்தோத்திரம். நாங்க பாளையங்கோட்டை. தலைப்பிள்ளை, ஏழாம் மாசம். மாமனார் காலத்து வீட்டைப் புதுப்பிக்கிறோம். டைல்ஸ் முடிஞ்சுது, இனி கதவு, ஜன்னல். கோட் மேல கோட்டா எனாமல் பெயிண்ட், நகம் பட்டாலே செதில் செதிலா உதிருது. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி வயித்துப்பிள்ளைக்கு ஆகாது. அதனால வேலை முடியிற வரை அம்மா வீட்டுக்குப் போறேன். ஈரம் வச்சுத் தேய்ச்சு, தார்பாய் கட்டி வேலை செய்யிற பெயிண்டர் யாராவது தெரியுமா?

ஆபீஸ்ல பிரசவ லீவு 26 வாரம். 8 வாரம் முன்னாடியே எடுக்கலாம். பிள்ளை பிறந்த பிறகுதான் அதிகம் வேணும்னு தோணுது. நீங்க எப்படிப் பிரிச்சீங்க?

சபையில மே மாச வி.பி.எஸ். (பிள்ளைங்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) பாட்டு என் பொறுப்பு. அந்தப் பிள்ளைங்களை விட மனசே வரல. உட்கார்ந்தபடியே நடத்தினவங்க இருந்தா எழுதுங்க. ஜெபத்திலயும் நினைச்சுக்கோங்க.