வேலை கிடைத்ததா என்று இனி கேட்க மாட்டார்களாம்: பிஎம்கேவிஒய் கணக்கு பற்றி ஒரு விவாதம்

கணக்கன்:
பிஎம்கேவிஒய், அதாவது மத்திய அரசின் இலவசத் திறன் பயிற்சித் திட்டம், 2015 ஜூலையில் தொடங்கியது. அதன் முதல் மூன்று கட்டங்களைத் தணிக்கை செய்த சிஏஜி (அரசின் செலவைத் தணிக்கை செய்யும் தலைமை அமைப்பு) அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. செய்திகளில் எல்லாரும் எடுத்துப் போட்டது ஒரே எண்தான். சுமார் 95.9 லட்சம் பதிவுகளில் 94.53 சதவீதத்தில் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய கட்டத்தில் சைபர், இல்லையென்றால் வெற்றிடம். மிச்சம் இருந்ததிலும் 11111111111 மாதிரி எண்கள். பயிற்சி முடித்தவர்களுக்கு மின்னஞ்சலில் கேள்வி அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்ச் சேரவே இல்லை. வந்த பதில் 171. அதில் 131 ஒரே முகவரியிலிருந்தோ பயிற்சி நிறுவனங்களின் சொந்த முகவரியிலிருந்தோ வந்தவை.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு உறுத்துவது வேறு. குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவர்களில் வேலைக்குப் போனவர்கள் 41 சதவீதம் என்பது முதல் மூன்று கட்டங்களின் கணக்கு. நான்காம் கட்டத்தில் அந்தக் கணக்கை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். பயிற்சி பெற்றவர் தன் விருப்பப்படி பாதையைத் தேர்ந்துகொள்ளட்டும் என்பது விளக்கம். எண் அசிங்கமாக வந்தது, அதனால் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். இதற்கு வேறு அர்த்தம் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

சென்டர்காரன்:
நான் சொல்கிறேன். சேலம் பக்கம் ஒரு பயிற்சி மையத்தைக் கொஞ்ச காலம் நடத்தியவன். கேள்வியை எடுத்தது சரிதான்.

இரண்டாம் கட்டத்தில் பணம் எப்படி வந்தது தெரியுமா? வகுப்பு தொடங்கியதும் 30 சதவீதம், பையன் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கினால் 50, வேலையில் சேர்ந்ததைக் காட்டினால் கடைசி 20. சான்றிதழ் கிடைத்து 90 நாளுக்குள் காட்ட வேண்டும். வாடகை, பயிற்றுநர் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் மாதம் தவறாமல் போகும். அந்த 20 சதவீதத்தில்தான் லாபமே இருக்கிறது. அப்போது என்ன நடக்கும்? நியமனக் கடிதம் அடித்துத் தரும் கன்சல்டன்சிகள் முளைத்தன. தலைக்கு இவ்வளவு என்று ரேட். எனக்கும் போன் வந்தது. நான் வாங்கவில்லை, அதனால்தான் மையம் இன்று இல்லை என்று வீராப்பு பேசவும் மாட்டேன். மூடியதற்கு வேறு காரணங்களும் உண்டு.

நிஜமாகவே வேலைக்கு அனுப்பியவர்கள் கதையையும் கேளுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேன் வைத்துக் கொண்டுபோய் விடுவோம். ஒரு ரூமில் ஆறேழு பேர், சாப்பாடு சரியில்லை, நைட் ஷிப்ட். முதல் சம்பளம் வந்ததும் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். என் கணக்கில் அவர்கள் 'வேலையில் அமர்ந்தவர்கள்'. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. இந்த எண்ணை வைத்து நீங்கள் என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள் சார்?

கணக்கன்:
நீங்கள் சொன்னது எல்லாம் பணத்தை எண்ணோடு கட்டியதற்கு எதிரான வாதம். எண்ணே வேண்டாம் என்பதற்கான வாதம் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

கடிதத்தைப் பார்த்து ஏமாறத் தேவையே இல்லை. பயிற்சிப் பதிவு ஆதாரோடு இருக்கிறது, பிஎஃப்பில், அதாவது வருங்கால வைப்பு நிதியில், ஒவ்வொரு ஊழியருக்கும் தரும் யுஏஎன் எண்ணும் ஆதாரோடு இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்தால் எந்த மாதம் யார் பெயரில் பிஎஃப் விழுந்தது என்று தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்தும் விழுகிறதா என்றும் தெரியும். உங்கள் ஸ்ரீபெரும்புதூர் பையன் ஒரு மாதத்தில் திரும்பியதும் அதிலேயே வந்துவிடும். மையத்திடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

நூல்கண்டு:
பிஎஃப்பா! அண்ணே, 20 பேருக்குக் கீழே வேலை செய்யும் இடத்துக்குப் பிஎஃப் கட்டாயமே இல்லை.

நான் ஈரோட்டுப் பக்கம் தையல் சொல்லித் தருகிறேன். என்னிடம் வரும் பெண்களில் கம்பெனிக்குப் போகிறவர்கள் கொஞ்சம்தான். கல்யாணம் ஆனவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், மாமியார் விடமாட்டார் என்கிறவர்கள். வீட்டிலேயே ஒரு மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் ராத்திரி பகலாகத் தைப்பார்கள், ஆடியில் ஒன்றும் இருக்காது. உங்கள் பிஎஃப் கணக்கில் இவர்கள் எல்லாரும் வேலையில்லாதவர்கள். அப்புறம் 'தையல் பயிற்சியால் பயனில்லை' என்று ஒரு அறிக்கை வரும். அடுத்த வருஷம் எங்கள் பேட்சை வெட்டுவார்கள்.

திருப்பூரில் கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு மட்டும் என்ன, பிஎஃப் பிடித்துக் கட்டியா விடுகிறார்கள்?

கலிபோர்னியா_வாத்தியார்:
இந்த இடத்தில் நுழைகிறேன். இங்கே பெரியவர்களுக்கான பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கணக்கன் சொல்வதைக் கிட்டத்தட்ட அப்படியே அமெரிக்கா செய்கிறது. 2014-இல் வந்த சட்டம், டபிள்யூஐஓஏ என்பார்கள். வேலைப் பயிற்சிக்கும் முதியோர் கல்விக்கும் சேர்த்து ஒரே ஆறு அளவுகோல்கள். பயிற்சியை விட்டு வெளியேறிய பின் இரண்டாம் காலாண்டில் வேலையில் இருக்கிறாரா, நான்காம் காலாண்டில் இருக்கிறாரா, இரண்டாம் காலாண்டில் நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு, சான்றிதழ் வாங்கினாரா, படிக்கும்போதே முன்னேற்றம் தெரிகிறதா, முதலாளிகளுக்கு இதனால் பயன் உண்டா. முதல் மூன்றுக்கும் யாரும் கடிதம் காட்ட வேண்டாம். வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளிகள் காலாண்டுக்கு ஒருமுறை மாநிலத்துக்குச் சம்பள விவரம் தருகிறார்கள். அதோடு பொருத்திப் பார்க்கிறார்கள்.

நூல்கண்டு அக்கா கேட்ட கேள்வி இங்கேயும் உண்டு. சொந்தத் தொழில் செய்பவர் அந்தப் பதிவில் வரமாட்டார். ரொக்கக் கூலிக்காரர் வரமாட்டார். என் வகுப்பில் இருக்கும் பலரிடம் சமூகப் பாதுகாப்பு எண்ணே கிடையாது. கேட்டால் அடுத்த நாள் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்ற பயத்தில் நாங்கள் அழுத்திக் கேட்பதும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு போன் போட்டோ குறுஞ்செய்தி அனுப்பியோ சர்வே எடுக்கிறோம். ஆனாலும் பதிவில் அகப்படும் மனிதர்களைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

சென்டர்காரன்:
அங்கே எல்லாம் ஒழுங்கு என்கிறீர்களா வாத்தியாரே?

கலிபோர்னியா_வாத்தியார்:
எங்கே சொன்னேன்? உங்கள் கட்சிக்கு ஆதரவான கதையும் இங்கிருந்தே தருகிறேன்.

1982-இல் வேலைப் பயிற்சிக்காக ஜேடிபிஏ என்று ஒரு சட்டம் வந்தது. பயிற்சி முடிந்து வெளியேறும்போது வேலை இருக்கிறதா என்று பார்த்து மையங்களுக்கு ஊக்கத்தொகை. என்ன ஆனது? வேலை கிடைக்காதவரை 'இன்னும் வெளியேறவில்லை' என்று ஏட்டிலேயே வைத்திருந்தார்கள். இலக்கு எட்டும் சமயம் பார்த்துக் கணக்கை மூடினார்கள். எப்படியும் வேலை கிடைக்கக்கூடியவரைத் தேடிச் சேர்த்தார்கள் என்ற புகாரும் உண்டு, பாலில் ஆடையை மட்டும் எடுப்பது மாதிரி. அந்தத் திட்டத்துக்குக் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து ஒரு பெரிய சோதனை நடந்ததால், உண்மையில் யாருக்கு எவ்வளவு பயன் என்று தனியாகக் கணக்கிட முடிந்தது. ஹெக்மேன் (2000-இல் பொருளாதார நோபல் வாங்கியவர்), ஹைன்ரிச், ஸ்மித் மூவரும் 2002-இல் எழுதிய கட்டுரையின் சாரம்: ஊக்கத்தொகைக்குப் பயன்பட்ட அந்தக் குறுகிய கால எண்களுக்கும் நீண்ட காலப் பலனுக்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை.

இப்போது 'வெளியேறியவர்' என்பதையே விதி தீர்மானிக்கிறது. 90 நாள் எந்தச் சேவையும் வாங்காவிட்டால் தானாக வெளியேறியவர் ஆகிவிடுகிறார். மையம் நினைத்தபடி தேதியைத் தள்ள முடியாது. இலக்கும் எல்லாருக்கும் ஒன்றல்ல. அந்தப் பகுதியின் வேலையின்மை, வருகிறவர்களின் பின்னணி எல்லாம் பார்த்து ஏற்றி இறக்குவார்கள்.

சென்டர்காரன்:
இது நியாயம். எங்களுக்கு சேலம் டவுனுக்கும் ஏற்காட்டு மலைக்கும் ஒரே இலக்கு.

ஆனால் ஒன்று. 90 நாள் விதி, காலாண்டுப் பதிவு, ஏற்றி இறக்கும் கணக்கு, இதையெல்லாம் செய்ய அங்கே ஆள் இருக்கிறார். இங்கே அந்த வேலை யார் தலையில் விழும்? பயிற்றுநர் தலையில். பிட்டர் வேலை சொல்லித்தர வந்தவர் பாதி நாள் போர்ட்டலில் போட்டோ ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பயோமெட்ரிக் வருகைப் பதிவு வைத்தார்கள். கொத்து வேலை செய்த கைகளில் ரேகையே எடுக்காது. வந்தவன் வராதவன் ஆனான்.

கணக்கன்:
அதனால்தான் மையத்தை விட்டு விலக்கச் சொல்கிறேன். பிஎஃப் பொருத்தத்தை டெல்லியில் ஒரு கம்ப்யூட்டர் செய்யும். உங்கள் பயிற்றுநர் எதையும் ஏற்ற வேண்டாம்.

குறுக்குக்கேள்வி:
டெல்லியில் ஒரு கம்ப்யூட்டர் என் சம்பளத்தைப் பார்க்கும் என்று சாதாரணமாகச் சொல்கிறீர்களே. மூன்று மாசம் ஏசி மெக்கானிக் கோர்ஸ் படித்ததற்காக வாழ்நாள் பூராவும் என் பிஎஃப்பை அரசு தடவிக்கொண்டிருக்குமா? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அரசுக்கு அதில் விலக்கு தாராளம். சேரும்போது நீட்டும் படிவத்தில் ஒரு டிக் அடிக்கச் சொல்வார்கள், அதுதான் சம்மதம்.

கணக்கன்:
பெயரை எடுத்துவிட்டு, மையவாரியாக விழுக்காடு மட்டும் வெளியிடலாம். ஒரு வருஷத்தோடு பொருத்துவதை நிறுத்திக்கொள்ளலாம். இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை.

பழைய_அறிவொளி:
புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தவன். தம்பிகள் பேசுவதைப் பார்த்தால் பழைய ஞாபகம் வருகிறது.

அப்போதும் எண்தான். எத்தனை கற்போர், எத்தனை பேர் மூன்று புத்தகங்களையும் முடித்தார்கள் என்று கிராமவாரியாகக் கணக்கு. 1992-இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அப்புறம் சில வருஷத்தில் எத்தனையோ பேர் கையெழுத்தோடு நின்றுபோனார்கள். அதைப் போய் எண்ணியவர் குறைவு. நாடு முழுக்க இதே கதைதான். 1994-இல் அருண் கோஷ் தலைமையில் ஒரு குழு எழுத்தறிவு இயக்கங்களை ஆராய்ந்தபோது, கீழிருந்து மேலிடத்துக்குப் போகும் கணக்குகளைப் பற்றிக் கேள்வி எழுப்பியது.

ஆனால் அந்த இயக்கத்தில் நடந்த பெரிய விஷயம் எது? ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் குவாரிக்கும் சந்தைக்கும் தாமாகப் போய்வந்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தோடு சேர்த்தார். எழுத்தறிவுப் படிவத்தில் சைக்கிளுக்குக் கட்டம் எங்கே இருந்தது?

இப்போது மத்திய அரசின் எழுத்தறிவுத் திட்டத்தை உல்லாஸ் என்கிறார்கள். 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. 95 சதவீதம் எட்டினால் முழு எழுத்தறிவு மாநிலம். லடாக் 2024-இல் அறிவித்தது, மிசோரமும் கோவாவும் 2025-இல். நல்லதுதான். இன்னும் மூன்று வருஷம் கழித்து அதே ஆட்களிடம் ஒரு பஸ் போர்டை வாசிக்கச் சொல்வார்களா?

நூல்கண்டு:
ஐயா சொன்னது சரி. எங்கள் படிவத்திலும் 'கையில் சொந்தக் காசு' என்று ஒரு கட்டம் இல்லை.

கணக்கன்:
ஐயா, சைக்கிள் எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த வாதத்தைத்தான் அமைச்சகமும் பிடித்துக்கொள்கிறது. 'விரும்பிய பாதை' என்பது நீங்கள் சொல்வதன் அரசாங்க வடிவம். உங்கள் பெண்கள் நிஜமாகவே சைக்கிள் ஓட்டினார்கள். பிஎம்கேவிஒய்யில் சான்றிதழ் வாங்கிய சுமார் 1.1 கோடிப் பேர் எந்தப் பாதையில் போனார்கள் என்று யார் பார்த்தார்? மையம் பார்க்கவில்லை, போர்ட்டலில் கணக்கு எண்ணே இல்லை, மின்னஞ்சல் திரும்பி வந்தது.

நூல்கண்டு அக்காவின் பெண்கள் பிஎஃப்பில் வரமாட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வழி: பொருத்தத்தில் அகப்படாதவர்களில் குலுக்கலாகக் கொஞ்சம் பேரை எடுத்து, ஆறாம் மாதத்தில் மாநிலப் புள்ளியியல் துறை நேரில் போய்க் கேட்கட்டும். தைக்கிறீர்களா, மாதம் கையில் என்ன நிற்கிறது, யாருக்காவது சொல்லிக் கொடுத்தீர்களா. ஆயிரம் பேரை ஒழுங்காகக் கேட்டாலே, லட்சம் பேரின் பொய்ப் பதிவைவிடத் தெளிவாகத் தெரியும்.

நூல்கண்டு:
வந்து கேட்டால் சொல்வார்கள். பெண் ஆளாக அனுப்புங்கள், மத்தியானம் அனுப்புங்கள். காலையிலும் சாயங்காலமும் யாரும் நின்று பேசமாட்டார்கள்.

சென்டர்காரன்:
அந்த முடிவை வைத்து மையத்துக்குப் பணம் தருவீர்களா, மாட்டீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்.

கணக்கன்:
மாட்டேன். பாடம் நடந்ததற்குப் பணம். இந்த எண் எந்தத் தொழிலை எந்த ஊரில் தொடர்வது என்று முடிவெடுக்க மட்டும்.

சென்டர்காரன்:
'எந்த ஊரில் தொடர்வது' என்றால் என் மையத்தை மூடுவது என்று அர்த்தம். அதுவும் பணம்தானே சார்! கடைசித் தவணையாக இல்லாமல் மொத்தமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணுக்குப் பின்னால் ஏதோ ஒரு முடிவு இருந்தால் அந்த எண்ணைத் திருத்த ஆள் வருவான். முடிவே இல்லையென்றால் உங்கள் ஆயிரம் பேர் சர்வேக்கு யார் செலவழிப்பார்?

கலிபோர்னியா_வாத்தியார்:
இரண்டு பேரும் சொல்வது இங்கே என் பள்ளியில் ஒரே நேரத்தில் நடக்கிறது. மாணவர் தேர்வில் ஒரு நிலை ஏறினால் மாநிலம் பள்ளிக்கு ஒரு புள்ளி தரும், அந்தப் புள்ளிக்குத்தான் பணம். அதனால் வகுப்பில் 12 மணி நேரத்தைத் தொட்டவரைக் கடைசித் தேர்வு எழுத வைக்காமல் விடமாட்டோம். அப்படி ஓடிப் பிடிப்பதால்தான் சிலர் வகுப்புக்குத் திரும்பியும் வருகிறார்கள். பணத்தை எடுத்துவிட்டால் எங்களில் பாதிப் பேர் அந்த போனைப் போடமாட்டோம்.

கணக்கன்:
சென்டர்காரன் கேட்டதற்கு நேர்ப் பதில்: திருத்த ஆள் வருவான், ஆனால் எங்கே வருவான்? பதிவு மையத்தின் கையில் இருந்தால் உங்கள் ஆபீசுக்கு வருவான். பிஎஃப் ஆபீசிலும் புள்ளியியல் துறையிலும் இருந்தால் அங்கே போய் ஒவ்வொருவர் பதிவாகத் திருத்துவது சுலபம் இல்லை. நான் கேட்பது அந்த இடமாற்றம் மட்டும்தான். ஐந்தாம் கட்டம் என்று ஒன்று வந்தால் அதன் வழிகாட்டி நெறியில் இந்த ஒரு வரி இருக்க வேண்டும்.

சென்டர்காரன்:
வரி இருக்கும். அதற்குக் கீழே 'பயிற்சி மையம் ஒத்துழைக்க வேண்டும்' என்று இன்னொரு வரியும் இருக்கும். அப்போது கூப்பிடுங்கள், பேசுவோம்.