லைற் போட்டதும் பியூஸ் போகிறது, 93 கொரோலா, ஷோர்ட் எங்கே என்று பிடிபடவில்லை

வெள்ளவத்தைப்பொடியன்:

வணக்கம். அப்பாவின் 1993 கொரோலா, இப்போது நான்தான் ஓடுகிறேன். இரண்டு கிழமையாக லைற் சுவிட்சை முதல் கிளிக்குக்குத் திருப்பினாலே டெயில் என்று எழுதிய 15 அம்பியர் நீலப் பியூஸ் போய்விடுகிறது. பின் லைற், நம்பர் பிளேற் லைற், டாஷ்போர்ட் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து அணைந்துவிடும். பிரேக் லைற் மட்டும் ஒழுங்காக எரிகிறது. சில நாள் ஒரு மணித்தியாலம் தாங்கும், சில நாள் போட்ட உடனே போய்விடும். ஒரு கராஜில் காட்டினேன். பாஸ் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் பச்சை நிற 30 அம்பியர் பியூஸைப் போட்டு, இனிப் போகாது என்றார். உண்மையில் போகவில்லைத்தான். ஆனால் நேற்று இரவு ஹவ்லொக் வீதியால் வரும்போது பிளாஸ்டிக் கருகுகிற மணம் வந்தது, பின்சீட்டில் இருந்த அம்மாதான் முதலில் சொன்னார். லைற்றை அணைத்து ஓரமாக நிறுத்திவிட்டேன். இனி என்ன செய்ய?

பழையவயர்:

தம்பி, முதல் வேலையாக அந்தப் பச்சைப் பியூஸைக் கழற்றுங்கள். நாளைக்கு என்று விட வேண்டாம். பியூஸ் இருப்பது பல்பைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. 15 அம்பியருக்கு என்று இழுத்த வயருக்கு 30 போட்டால், பியூஸ் உருகுவதற்கு முன்னால் வயர் உருகும், அதுவும் சீட்டுக்கும் கம்பளத்துக்கும் அடியில் கண்ணுக்குத் தெரியாமல். அம்மா இருந்த வண்டியில் இப்படிச் செய்து கொடுத்தது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

ஷோர்ட்டை, அதாவது வயரின் செம்பு வண்டியின் இரும்பில் தொடுகிற இடத்தைத் தேடப் பெட்டி பெட்டியாகப் பியூஸ் எரிக்கத் தேவையில்லை. 12 வோல்ற், 21 வாட் பிரேக் லைற் பல்ப் ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, இரண்டு நீள வயர் பிடித்து, பியூஸ் இருந்த இடத்தில் இரு பக்கமும் கொடுங்கள். ஹோல்டர் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் பழையது கிடைக்கும். எவ்வளவு ஷோர்ட் ஆனாலும் அந்தப் பல்ப் 2 அம்பியருக்கு மேல் விடாது, அதனால் வயர் சூடாகாது. லைற் சுவிட்சைப் போடுங்கள். ஷோர்ட் இருந்தால் பல்ப் பளீரென்று எரியும், பின் லைற் ஒன்றும் எரியாது. ஷோர்ட் விலகினால் பல்ப் மங்கி, பின் லைற்றுகளும் மங்கலாக எரியத் தொடங்கும். அப்புறம் வயர்களை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே பல்பைப் பாருங்கள். அது மினுங்குகிற இடம்தான் உங்கள் இடம்.

கொட்டாஞ்சேனைஅக்கா:

அம்மாவுக்கு முதலில் மணத்தது என்றால் பின்பக்கத்தில் இருந்தே தொடங்குங்கள். வயர் சும்மா கிடக்கிற இடத்தில் அவ்வளவாகக் கெடாது, மடிந்து மடிந்து நிமிர்கிற இடத்தில்தான் தோல் வெடிக்கும். டிக்கி மூடியின் கீலைப் பாருங்கள், நம்பர் பிளேற் லைற்றுக்குப் போகிற வயர் அதற்குள்ளால்தான் போகும். அங்கே இல்லையென்றால் பின் லைற் ஹோல்டர்கள், கடற்கரைப் பக்கம் நிறுத்துகிற வண்டிகளில் உப்புக்காற்றுப் பட்டு ஹோல்டருக்குள் பச்சை பூத்துவிடும். எங்கள் காரில் இதே பியூஸ் போனதற்குக் காரணம் பிறகு பூட்டிய ரேடியோ. அதன் பட்டன் வெளிச்ச வயர் இதே லைனில்தான் வருகிறது, அதை டேப் சுற்றாமல் விட்டிருந்தார்கள்.

வெள்ளவத்தைப்பொடியன்:

கண்டுபிடித்துவிட்டேன்! அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று பின்னேரம் தம்பியை முன்னால் பல்பைப் பார்க்க வைத்துவிட்டு டிக்கியை மெதுவாக மூடினேன். பாதிக்கு வந்ததும் பளீர் என்று கத்தினான். கொஞ்சம் தூக்கினால் மங்கியது. வலப்பக்கக் கீலில் ரப்பர் குழாயை இழுத்துப் பார்த்தால், ஒரு வயரில் விரல் நக அளவுக்குத் தோலே இல்லை, செம்பு பச்சையாகி இருந்தது. அது தொட்ட இடத்தில் கீலின் பெயின்ற் வட்டமாகக் கருகியிருக்கிறது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் தொட்டிருக்க வேண்டும், அதனால்தான் சில நாள் தாங்கியிருக்கிறது. டேப் சுற்றினால் போதுமா?

பழையவயர்:

போதாது. கொழும்பு வெயிலில் டேப்பின் பசை இளகி ஒரு வருஷத்தில் கழன்றுவிடும். பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, கெட்ட துண்டை வெட்டி எடுத்து அதே தடிப்பில் புது வயர் போடுங்கள். கீல் மடிகிற இடத்தில் மூட்டு வரக்கூடாது, ஈயம் பற்றிய இடம் மடிந்தால் முறியும். இரண்டு பக்கமும் தள்ளி மூட்டுப் போட்டு, சூட்டில் சுருங்கும் குழாய் ஏற்றுங்கள். அதோடு 30 அம்பியரில் ஓடிய வயர் அல்லவா, பின்சீட்டைக் கழற்றி அதே வயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள், விறைத்தோ பளபளத்தோ இருந்தால் அந்த நீளத்தையும் மாற்ற வேண்டும்.

வெள்ளவத்தைப்பொடியன்:

தடவிப் பார்த்தேன் அண்ணா. சீட்டுக்குப் பின்னால் ஒரு முழம் விறைத்துப்போய்ப் பக்கத்து வயரோடு ஒட்டியிருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டு 15 நீலம் போட்டிருக்கிறேன். நான்கு இரவு ஓடிவிட்டேன், காலி வீதிப் பள்ளங்கள் உட்பட. பியூஸ் அப்படியே இருக்கிறது.