கழித்தல் குறி போடாத இரவு: தொலைவிலிருந்து இயக்கிய தொலைநோக்கி அனுபவங்கள்

இயற்பியல், மூன்றாம் ஆண்டு:

வேறொரு கண்டத்தில் நிற்கும் தொலைநோக்கிக்குக் கட்டளை அனுப்பிப் படமெடுத்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நன்றாக வந்த படங்களை எல்லாரும் காட்டுகிறோம். கோட்டை விட்டதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் தொடங்கி வைக்கிறேன், வெட்கத்தோடு.

எங்கள் குழுவில் நான்கு பேர். சிலேயில் உள்ள 40 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றில் எங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. எதை எடுப்பது என்ற சண்டையிலேயே ஒரு வாரம் போயிற்று. கடைசியில், கும்ப விண்மீன் குழுவில் உள்ள ஹெலிக்ஸ் நெபுலா என்று முடிவானது. சுமார் 650 ஒளியாண்டு தொலைவில், சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் மேலடுக்குகளை உதறிவிட்டு வெண்குள்ளனாகச் சுருங்கிய இடம் அது. பார்க்க வளையம் போல இருக்கும். செப்டம்பரில் சிலேயில் நள்ளிரவு வாக்கில் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்துவிடும். நிலவும் இல்லாத இரவு. இனி என்ன குறை என்று இருந்தோம்.

படிவத்தை நிரப்பியவன் நான். வானத்தில் இடத்தைக் குறிக்க இரண்டு எண்கள். கிழக்கு மேற்காக வல ஏற்றம் 22 மணி 29 நிமிடம். வடக்கு தெற்காக நடுவரை விலக்கம் 20 டிகிரி 50 நிமிடம். ஒரு படத்துக்கு 300 விநாடி, மொத்தம் 12 படங்கள். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கோப்புகள் வந்திருந்தன. திறந்தால் விண்மீன்கள் இருக்கின்றன, நெபுலாவைக் காணோம். மங்கலான பொருள்தானே என்று வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தோம். இன்னும் ஏற்றினோம். வலது கீழ் மூலையில் மெல்லிய வளையம் ஒன்று எழுந்து வந்தது. நான்கு பேரும் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தோம். நடுவில் வெண்குள்ளன்கூடத் தெரிகிறது என்றாள் ஒருத்தி. எனக்கும் தெரிந்தது! அந்த மூலையை வெட்டியெடுத்து, நீலமும் சிவப்பும் பூசி, கீழே பொருளின் பெயரையும் எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டோம்.

அவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: “வளையத்தின் அளவு என்ன, அளந்தீர்களா?”

அளக்கவில்லை. எங்கள் படத்தின் மொத்த அகலமே ஏறக்குறைய ஒரு முழுநிலவின் அகலம். ஹெலிக்ஸ் அதில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்களுடையதோ மூலையில் ஒரு சட்டைப் பொத்தான். விண்மீன்களின் அமைப்பைக் கொண்டு, படம் வானத்தில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லும் அஸ்ட்ரோமெட்ரி.நெட் தளத்தில் படத்தை ஏற்றினோம். சற்று நேரத்தில் விடை வந்தது: பெகாசஸ் விண்மீன் குழு, நடுவரை விலக்கம் +20 டிகிரி 50. ஹெலிக்ஸ் இருப்பது −20 டிகிரி 50-இல், அதாவது வான நடுவரைக்குத் தெற்கே. ஒரு கழித்தல் குறியை விட்டதற்கு 41 டிகிரிக்கு மேல் தள்ளிப் போய் நின்றிருக்கிறோம்.

அப்படியானால் அந்த வளையம்? கேமராவுக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியில் ஒட்டிய தூசி. அது குவியத்தில் இல்லாததால் புள்ளியாக விழாமல் அகன்ற நிழலாக விழுகிறது. தொலைநோக்கியின் இரண்டாம் ஆடி நடுவில் ஒளியை மறைப்பதால் அந்த நிழலுக்கு நடுவில் ஓட்டையும் வந்துவிடுகிறது. சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஃபிளாட் படத்தால் வகுத்தால் நிழல் மறைந்துவிடும். வகுத்தோம். எங்கள் நெபுலா, வெண்குள்ளனையும் கூட்டிக்கொண்டு, போய்விட்டது.

தொலைநோக்கியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. +20 டிகிரி என்பது அந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 39 டிகிரி உயரத்தில் தெரியக்கூடியதுதான். மறுக்க அதற்குக் காரணமே இல்லை. ஒன்றுமில்லாத இடத்தை ஒரு மணி நேரம் துளி அசங்காமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

*

கணினி அறிவியல், முதலாம் ஆண்டு:

உங்களுக்காவது விண்மீன்கள் வந்தன, அண்ணா. எனக்கு வந்தது கறுப்பு. நான் கேட்டிருந்தது எம் 51, அதாவது மெசியே பட்டியலின் 51-ஆம் பொருளான சுழல் விண்மீன் மண்டலம். ஃபிட்ஸ் என்ற வடிவில் வந்த படக் கோப்பைத் திறந்தால் அமாவாசை. மூடி திறக்கவே இல்லை என்று முறையீடு எழுதி, காரமான சொற்களை இரண்டு முறை திருத்தி அனுப்பினேன். “வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள்” என்று பொறுமையாகப் பதில் வந்தது.

அந்தக் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 65,535 வரை மதிப்பு இருக்கலாம். எம் 51-இன் சுருள் கைகள் வானத்தின் பின்னணி மதிப்பைவிடச் சிறிதளவே கூடுதல். முழு அளவையும் திரையில் அப்படியே பரப்பினால் எல்லாம் கறுப்புதான். அளவுகோலின் மேல்முனையை இடதுபக்கம் இழுத்தேன். முதலில் நடுப்புள்ளி வந்தது. பிறகு ஒரு கை, பிறகு இன்னொன்று, அதன் நுனியில் தொங்கும் சின்னத் துணை மண்டலம். 1845-இல் ராஸ் பிரபு 1.8 மீட்டர் ஆடி செய்து முதன்முதலில் கண்ட சுருள், என் மடிக்கணினியில். முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று தனியாக ஒரு கடிதம் எழுதினேன். அதையும் இரண்டு முறை திருத்தினேன்.

*

வானியற்பியல், முதுகலை:

என்னுடையது இதைவிட மோசம். உங்களுக்கு இல்லாதது தெரிந்தது. நான் இருந்ததை அழித்தேன்.

2023 மே 20-ஆம் தேதி இரவு எம் 101-ஐ எடுத்தோம். 2.1 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள பெரிய சுருள் மண்டலம். நிறங்களுக்காகச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வடிகட்டி மாற்றி மாற்றி எடுத்த படங்கள். ஒரு கையின் மேல், என்ஜிசி 5461 என்னும் ஹைட்ரஜன் முகிலுக்கு அருகில், பளிச்சென்று ஒரு விண்மீன் இருந்தது. இவ்வளவு பளிச்சென்று இருப்பது நம் பால்வழியைச் சேர்ந்த, வழியில் குறுக்கிட்ட விண்மீனாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். கைகளின் அழகு தெரிய வேண்டும் என்பதற்காக, விண்மீன்களை நீக்கும் மென்பொருளில் படத்தைக் கொடுத்தேன். அது எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்தது. அந்தப் படத்தைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியும்விட்டேன்.

மறுநாள்தான் செய்தியைப் படித்தேன். ஜப்பானைச் சேர்ந்த கோயிச்சி இத்தகாகி, மே 19 அன்று எம் 101-இல் சூப்பர்நோவா ஒன்றை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீனைக் கண்டிருக்கிறார்: எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப். இடத்தைப் படித்ததும் கை சில்லிட்டது. மூலக் கோப்புகளுக்கு ஓடினேன். நல்லவேளை, அவற்றை அழித்திருக்கவில்லை. மூன்று வடிகட்டியிலும் அது உட்கார்ந்திருந்தது. பழைய படம் ஒன்றை எடுத்து இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். அந்த ஒரு புள்ளி மட்டும் கண் சிமிட்டியது.

பிறகு வாரம் இருமுறை நேரம் கேட்டு வாங்கினோம். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு படங்கள் போதும், அழகு தேவையில்லை. அருகில் உள்ள, ஒளி மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் ஒளியை அளந்தோம். சில நாள்களில் 11-ஆம் ஒளித்தரத்தை நெருங்கியது (எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம்), பிறகு வாரக்கணக்கில் மெல்ல இறங்கியது. வரைதாளில் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்ததுதான் என் கல்லூரி நாள்களில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. பலகையில் இருந்த படத்தை நான் எடுக்கவில்லை. விண்மீன் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் மட்டும் போட்டுவைத்தேன்.

*

பழைய பார்வையாளர்:

தம்பிகளே, தங்கைகளே, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘படம் எடுத்தோம்’ என்று சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. குளிரில் நின்றீர்களா? கண் இருட்டுக்குப் பழக அரைமணி காத்திருந்தீர்களா? கண்ணாடியில் பனி படிந்ததா? படிவம் நிரப்பினீர்கள், கோப்பு வந்தது. அதற்குப் பெயர் பெற்றுக்கொள்வது. ஒரு நாளாவது வெளியே போய், எம் 31 என்ற ஆந்திரோமீடா மண்டலத்தை, அந்தப் புகைத்திட்டை, வெறுங்கண்ணால் பாருங்கள். 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி, நடுவில் எந்தக் கம்பியும் இல்லாமல் உங்கள் கண்ணில் விழும்.

*

வானியற்பியல், முதுகலை:

வெளியே போய்ப் பார்க்கச் சொன்னதை ஏற்கிறேன், ஐயா, போகிறோம். மற்றதில் எனக்கு உடன்பாடில்லை. குதிரைத்தலை நெபுலாவைக் கண்டுபிடித்தவர் வில்லியமினா ஃபிளெமிங். 1888-இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் எடுத்த கண்ணாடிப் புகைப்படத் தட்டில் அதைப் பார்த்தார். தொலைநோக்கிக்கு அருகில் நின்று தட்டை வைத்தவர் வேறொருவர். ஆய்வக இயக்குநர் பிக்கரிங்கின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து அந்த வேலைக்கு வந்தவர் ஃபிளெமிங். பிறகு வந்த அட்டவணையில், கண்டவர் பெயரின் இடத்தில் பிக்கரிங் என்றே போட்டார்கள். தட்டை உற்றுப் பார்த்தவரை மறந்துவிடுகிறார்கள். நானோ, என்னிடம் வந்த தட்டை உற்றுப் பார்க்கவில்லை. அதுதான் என் தவறு. குளிரில் நிற்காதது அல்ல.

*

இயற்பியல், மூன்றாம் ஆண்டு:

சண்டை நல்லபடியாக நடக்கட்டும். நான் மீதியைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் எங்களுக்கு இன்னொரு மணி நேரம் கிடைத்தது. இந்த முறை படிவத்தை நான்கு பேரும் தனித்தனியாகப் படித்தோம். கழித்தல் குறியை நான் உரக்க வாசித்தேன். அனுப்பினால் படிவம் ஏற்க மறுக்கிறது, “தவறான குறி” என்கிறது! அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது: ஒரு கட்டுரையிலிருந்து எண்ணை நகலெடுத்து ஒட்டியிருந்தோம். அதில் இருந்தது கழித்தல் குறி அல்ல, அச்சில் பயன்படும் நீண்ட கோடு. அழித்துவிட்டு விசைப்பலகையில் அடித்தோம், ஏற்றுக்கொண்டது.

12 படங்களில் 8 வந்தன. ஈரப்பதம் ஏறியதால் குவிமாடம் தானாக மூடிக்கொண்டுவிட்டதாம். நான்காவது படத்தின் குறுக்கே ஒரு செயற்கைக்கோள் கோடு கிழித்திருந்தது. எட்டையும் அடுக்கிச் சராசரி எடுக்கும்போது, ஒரு படத்தில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும் மதிப்புகளை மென்பொருள் ஒதுக்கிவிடும் என்பதால் கோடு போயிற்று. முதல் படத்தைத் திறந்தபோது அளவுகோலை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை என்று சொல்ல ஆசைதான், இழுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் இம்முறை படத்தின் நடுவில், பாதி அகலத்துக்கு மேல், ஹெலிக்ஸ் ஒரு கண்ணைப் போலத் திறந்துகொண்டது. வெண்குள்ளனும் இருந்தது. முன்பு நாங்கள் ‘பார்த்ததை’விட நல்ல மங்கல்.

வலது கீழ் மூலையில் எங்கள் பழைய வளையமும் அப்படியே இருந்தது. ஃபிளாட்டால் வகுக்காத பிரதி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.