புதுப்பிப்பு: லாரிக்கு ஜிபிஎஸ் எது வாங்கலாம் என்று கேட்டிருந்தேனே, வாங்கியாச்சு

கிருஷ்ணகிரியிலிருந்து மாங்கூழ் ஏற்றி ஓடும் எங்கள் லாரிக்கு வழிகாட்டும் கருவி வாங்கலாமா, போனே போதுமா என்று கேட்டிருந்தேன். மேப் உள்ளேயே ஏற்றிய, பெரிய திரைக் கருவி ஒன்று வாங்கிவிட்டோம். சிலர் சொன்ன ஏஐஎஸ் 140 தரத்துக் கருவி வேறு விஷயம், வண்டி எங்கே நிற்கிறது என்று வெளியே தெரிவிக்கும், டிரைவருக்கு வழி சொல்லாது.

வண்டியின் உயரம், நீளம், எடை போட்டால் அதற்கேற்ற வழி காட்டும், காசு கொடுத்ததே அதற்குத்தான். ஆனால் உயரத்தைத் தார்ப்பாய் கட்டிய பிறகு டேப் பிடித்து அளந்து போடுங்கள், ஆர்சியைப் பார்த்து அல்ல. அப்படியும் கிராமத்து ரயில்வே சுரங்கப்பாதை எல்லாம் மேப்பில் இருக்காது, முன்னால் நட்டிருக்கும் இரும்புச் சட்டத்தில் எழுதிய உயரம்தான் கணக்கு. தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கருவி அது பாட்டுக்கு ‘நேராகச் செல்லவும்’ என்கிறது, கியரைக் குறைத்து இறங்க வேண்டியது நம் பொறுப்பு (டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை என்ன சொல்ல!).

போனைத் தூக்கிப் போடவில்லை, ஓசூர் பக்கம் நெரிசல் பார்க்க அதுதான் சரி. அப்புறம், கருவியைக் கண்ணாடி நடுவில் ஒட்டாதீர்கள், சாலையை மறைக்கும்.