200 மணி நேர யோகா ஆசிரியர் கோர்ஸ் முடிந்தது, அடுத்து எங்கே போகலாம்?

மேட்டும்_நானும்
கோவையில் ஒரு அபார்ட்மென்ட்டில் காலை பேட்ச் எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள், பாதிப் பேருக்கு மூட்டுவலி. 300 மணி நேரம் சேர்த்து 500 ஆக்கிக்கொள்ளலாமா, சிவானந்தா ஆசிரமத்தில் ஏடிடிசி (அட்வான்ஸ்டு ஆசிரியர் பயிற்சி) போகலாமா, ஐயங்கார் யோகா பக்கம் போகலாமா? கர்மம், பக்தி, ராஜம், ஞானம் என்று நாலு மார்க்கம் சொல்கிறார்கள், அதுபோக ஹடம், அஷ்டாங்கம், வின்யாசம் என்று இன்னொரு பட்டியல். ஒரே குழப்பம்.

பழைய_மாணவன்
ரெண்டு பட்டியலையும் கலக்காதீர்கள் சகோ. முதல் நாலும் மார்க்கங்கள். ஆசனமும் பிராணாயாமமும் பெரும்பாலும் ராஜ யோகத்தோடு சேர்த்தே சொல்லித்தரப்படும், பதஞ்சலியின் எட்டு அங்கத்தில் ஆசனம் மூன்றாவது. இரண்டாவது பட்டியல் பயிற்சிப் பாணிகள். அதிலும் வேடிக்கை என்னவென்றால் ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், தேசிகாச்சார் மூவருமே கிருஷ்ணமாச்சாரியார் என்ற ஒரே யோக ஆசிரியரிடம் கற்றவர்கள். 1930களில் மைசூர் அரண்மனையில் இளவட்டங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த விறுவிறு முறைதான் ஜோயிஸ் வழி அஷ்டாங்கமாக வளர்ந்தது. பின்னாளில் சென்னையில் ஆளுக்கேற்றபடி மாற்றிக் கொடுத்ததை மகன் தேசிகாச்சார் எடுத்துக்கொண்டு 1976இல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார். உங்கள் பேட்சுக்கு எது பொருந்தும் என்பது இதிலேயே தெரிகிறதே.

நெய்யாறு_காற்று
ஏடிடிசி முடித்தவள் நான். அட்வான்ஸ்டு என்றதும் மயூராசனமும் விருச்சிகாசனமும்தான் என்று நினைத்து வந்தவர்கள் முதல் வாரமே முகம் வாடினார்கள். ஆசனம் உண்டு, ஆனால் யோக சூத்திரம், வேதாந்தம், பாகவதம், சமஸ்கிருதம் என்று உட்கார்ந்து எழுதுவதுதான் அதிகம். காலை சத்சங்கத்தில் கீர்த்தனை பாடுவது பக்தி, பந்தி பரிமாறி அண்டா தேய்ப்பது கர்மம். நீங்கள் கேட்ட நாலு மார்க்கமும் அங்கே டைம்டேபிளிலேயே இருக்கும். எனக்குப் பிடித்தது. ஆனால் மூட்டுவலிக்கு விடை தேடிப் போகிற இடம் அதில்லை. அவர்களுடைய டிடிசி (அடிப்படை ஆசிரியர் பயிற்சி) முடித்திருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிறும்_கட்டையும்
ஐயங்கார் முறையில் ஒரு மாதத்தில் முடிகிற வேலையே கிடையாது. சான்று பெற்ற ஆசிரியரிடம் வருடக்கணக்கில் கற்று, அப்புறம்தான் தேர்வு. பொறுமை இருந்தால் உங்கள் பேட்சுக்கு இதுதான் சரி என்பேன். வீராசனத்தில் உட்கார முடியாதவருக்குப் பிட்டத்துக்கு அடியில் கட்டை, முழங்கால் மடிப்புக்குள் சுருட்டிய துண்டு. வீரபத்ராசனத்தில் மடக்கிய தொடைக்கு அடியில் நாற்காலி. எந்த உயரத்தில் வலி நிற்கிறது என்று ஆள் ஆளாகப் பார்த்து வைக்க வேண்டும், அதைப் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

சர்டிஃபிகேட்_சந்தேகி
200, 500 எல்லாம் அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் என்ற அமைப்பின் கணக்கு. பயிற்சியும் தேர்வும் பள்ளியின் பொறுப்பு, அலையன்ஸில் நடப்பது பதிவுதான். வெளிநாட்டு ஸ்டூடியோவில் வேலை தேடுகிறீர்கள் என்றால் சரி, அபார்ட்மென்ட் அக்காக்கள் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை. இங்கேயே சான்று வேண்டுமென்றால் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் யோகா சான்றிதழ் வாரியம் இருக்கிறது: எழுத்துத் தேர்வு, செய்முறை இரண்டும் உண்டு.

மேட்டும்_நானும்
நன்றி எல்லோருக்கும். ஒரு மாதம் விட்டுப் போனால் பேட்ச் கலைந்துவிடும், அதனால் ஏடிடிசி இப்போதைக்கு இல்லை. வாரக் கடைசியில் ஐயங்கார் வகுப்பு எடுப்பவர்கள் கோவையில் யாராவது உண்டா? ஆசிரியராக அல்ல, மாணவியாகத்தான் சேரப் போகிறேன்.